பதினேழாம் பலகை

சாலமாண்டர் என்று ஒரு உயிர் இருப்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரியும். ஈரோட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு அதற்கு முன்னால் எங்கே தெரியப்போகிறது? பார்த்தால் பல்லி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அது தவளைக்குச் சொந்தம். உடம்பில் செதில் கிடையாது, தோல் எந்நேரமும் ஈரமாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் நான் வேலை பார்க்கிற ஊருக்குப் பக்கத்தில், சான்டா க்ரூஸ் மலையில் இருக்கிற பல வகைகளுக்கு நுரையீரலே இல்லை, தோலாலேயே மூச்சு விடுகின்றன. இதை முதலில் கேட்டபோது யாரோ கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் நம்பினேன்.

வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. என் வீடு ஹூஸ்டனில் இருக்கிறது. மனைவியும் மகளும் அங்கே இருக்கிறார்கள். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் நானும் அங்கிருந்துதான் வேலை பார்த்தேன். பிறகு ஒரு நாள், இனி வாரம் ஐந்து நாளும் சான் ஹோசே அலுவலகத்துக்கு வந்தாகவேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நல்ல வேலை. மகள் ஒன்பதாவது. அவள் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும்தானே என்று நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, நான் மட்டும் இரண்டு பெட்டியோடு இங்கே வந்து ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் குடியேறினேன். மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் போய்வருவேன், சில மாதம் அதுவும் இருக்காது.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனிக்கிழமைதான் பிடிக்காது. முதல் வருஷம் பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் தெரிந்தவர்கள் வீட்டு விருந்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு வருவார்கள், நான் கடையில் வாங்கிய மைசூர்பாகு டப்பாவோடு போவேன். "ஃபேமிலி எப்ப ஷிஃப்ட் ஆறாங்க?" என்று வாசலிலேயே கேட்பார்கள். சாம்பார் ஊற்றும்போது ஒருமுறை கேட்பார்கள். கிளம்பும்போது மிச்சத்தைக் கட்டிக்கொடுத்துக்கொண்டே, "பாவம், தனியா இருக்கீங்க" என்பார்கள். மூன்றாவது விருந்தில் ஒருவர் அதையே கேட்டபோது, "டைவர்ஸ் ஆனதும் சொல்லி அனுப்பறேங்க" என்று சொல்லிவிட்டேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் வாய் அப்படி. அதன்பின் அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றேபோயின. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், அது பொய்.

மலைக்குப் போனது கம்பெனி தயவில். வருஷத்துக்கு ஒரு நாள் பொதுச் சேவைக்குப் போகவேண்டும் என்று எங்கள் குழுவை ஒரு வனப் பூங்காவில் களை பிடுங்க அனுப்பினார்கள். மற்றவர்கள் மண்வெட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்கள். நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். சாலமாண்டர் கணக்கெடுக்க ஆள் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. முன்னனுபவம் தேவையில்லை. எனக்கு அந்தக் கடைசி வரி பிடித்திருந்தது.

வேலை சுலபம். செங்குத்தாக இறங்கும் ஒரு பள்ளத்தாக்கில், ரெட்வுட் மரங்களுக்கு அடியில், முழநீளத்துக்குச் சதுரமான முப்பது மரப்பலகைகளைத் தரையில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. மழைக்காலத்தில் சாலமாண்டர்கள் அடியில் வந்து ஒதுங்கும். நாம் போய்ப் பலகையைத் தூக்கவேண்டும், இருந்தால் உள்ளங்கையில் எடுத்து வைத்து நீளம் அளக்கவேண்டும், தாளில் எழுதவேண்டும். பிறகு முதலில் பலகையைப் பழையபடி போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் சாலமாண்டரை விடவேண்டும். அது தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். மேலே பலகையைப் போட்டால் நசுங்கிவிடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பூங்காவின் உயிரியலாளர், என் வயதுப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். கை விஷயத்தில் மட்டும் அவர் கறார். சன்ஸ்கிரீன் கூடாது, கொசு மருந்து கூடாது, கிருமிநாசினி கூடாது, சோப்பு மிச்சம்கூட இருக்கக் கூடாது. ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவி, ஈரம் காயாமல் வைத்துக்கொண்டுதான் தொடவேண்டும். நம் கையில் இருப்பதெல்லாம் அதன் மூச்சுக்குள் போய்விடும் என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு முறை என்னோடு வந்தார், மூன்றாம் முறை தனியாகவே அனுப்பிவிட்டார்.

தனியாகப் போவதில் எனக்குப் பயமில்லை. கையில் முதல் சாலமாண்டரை எடுத்தபோது அது என்னைப் பார்த்தது. கறுப்புக் கண், அதில் எலுமிச்சை நிறத்தில் ஒரு தீற்றல். குளிர்ந்து, கனமே இல்லாமல், என் ரேகைகளின்மேல் நான்கு காலையும் ஊன்றி நின்றது. பத்து விநாடி இருக்கும். நான் ஹூஸ்டன் போகாத மாதங்களில் என் கை தொட்ட உயிர்கள் இவை மட்டும்தான். அலுவலகத்தில் யாராவது கை குலுக்கியிருப்பார்கள், அது கணக்கில் வராது.

பதினேழாம் பலகைக்கு அடியில் ஒரு பெண் சாலமாண்டர் இருந்தாள். இருந்தாள் என்றுதான் எழுத வருகிறது. ஆரஞ்சு கலந்த பழுப்பு. வால் ஒருமுறை அறுந்து மறுபடி வளர்ந்திருந்ததால் நுனிப் பாதி மட்டும் நிறம் மங்கலாக இருக்கும், அதனால் அடையாளம் தெரியும். இரண்டு மழைக்காலம் அவளைப் பார்த்திருக்கிறேன். முதல் பதினாறு பலகைகளையும் கொஞ்சம் அவசரமாகவே பார்ப்பேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இருந்தால், "சௌக்கியமா?" என்று வாய்விட்டே கேட்பேன். சுற்றிலும் கேட்க ஆளில்லை, வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தக் காட்டில் இன்னொரு பழக்கமும் வந்தது. அமெரிக்கா வந்து இருபத்துமூன்று வருஷமாக அலுவலகத்தில் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன். யாரும் அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. வந்த புதிதில் ஒரு நாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது எதிரில் இருந்தவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். அவனுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். நான் மறுநாளே ஸ்பூன் வாங்கிவிட்டேன். தனியாக வந்த பிறகு அபார்ட்மென்ட்டிலும் லேப்டாப் முன்னால் கிண்ணமும் ஸ்பூனுமாகவே ஆகிவிட்டது. ஒருமுறை காட்டுக்கு டிபன் டப்பாவோடு ஸ்பூன் எடுத்துப்போக மறந்து, விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து கையால் சாப்பிட்டேன். அன்றைக்குத் தயிர்சாதம் தயிர்சாதமாக இருந்தது. பிறகு வேண்டுமென்றே ஸ்பூனை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். முப்பது பலகையும் முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன், சாப்பிட்டபின் எதையும் தொடுகிற வேலை இருக்காது.

அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை மட்டும் அது மாறிப்போனது. மலைச்சாலையில் மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பதினாறாம் பலகை முடிந்ததும் பசி காதை அடைத்தது. டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம், கூடவே எலுமிச்சை ஊறுகாய். முந்தின வாரம்தான் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தேன். மனைவி அங்கே ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கிற நம் ஊர்க் கடைகளில் தேடி நல்ல காரமான மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் வாங்கி, அவளே போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி என் பெட்டியில் வைத்திருந்தாள். விரலில் எண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டேன். விரலைச் சப்பினேன். பிறகு ஓடைக்கு இறங்கி, சொல்லிக்கொடுத்தபடியே சோப்பு இல்லாமல், வெறும் தண்ணீரில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கை ஈரமாக இருந்தது, எல்லாம் விதிப்படிதான்.

பதினேழாம் பலகையைத் தூக்கினேன். இருந்தாள். வயிறு பெருத்திருந்தது. அடித்தோல் வழியாக வெளிறிய மஞ்சளில் முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "அட, விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

உடனே துள்ளினாள். ஒருநாளும் அப்படித் துள்ளியதில்லை. உடம்பை வில்லாக வளைத்தாள், வாலிலிருந்து பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்தது. விழுந்துவிடப்போகிறாளே என்று நான் விரல்களை மூடினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. மூடிய கைக்குள் இன்னும் முறுக்கிக்கொண்டாள். பயந்து திறந்தபோது வால் தனியாக என் கையில் கிடந்து துடித்தது, அவள் சருகில் விழுந்து மல்லாந்து கிடந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுத்திப் பிடித்துவிட்டேனா? கைச்சூடா? நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கப்போய்க் கண்ணோரத்தில் விரல் பட்டது. பட்ட மறுகணம் கண் தீயாக எரிந்தது. அப்போது புரிந்தது.

தண்ணீரால் மிளகாய் எண்ணெய் போகாது என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? ஊறுகாய் தொட்ட கையால் கண்ணைக் கசக்காத ஆள் உண்டா? என் ஒரு கண்ணில் பட்டதற்கே நிற்க முடியவில்லை. உடம்பு முழுக்கக் கண்ணாக இருக்கிற ஒரு பிராணியை அந்தக் கையால் பொத்திப் பிடித்திருக்கிறேன்.

மறுபடி அவளைத் தொட முடியாது. பாட்டிலில் இருந்தது குழாய்த் தண்ணீர், குளோரின் கலந்தது, அதையும் ஊற்ற முடியாது. பெரிய மேப்பிள் சருகு ஒன்றைப் பொறுக்கி, ஒரு குச்சியால் அவளை அதில் தள்ளி ஏற்றி, ஓடைக்கு ஓடினேன். ஓடும் தண்ணீரில் சருகோடு முக்கி முக்கி எடுத்தேன். எத்தனை முறை என்று தெரியாது. கால் லேசாக அசைந்தது. தண்ணீர் அசைத்ததா, அவளே அசைத்தாளா என்றும் தெரியாது. மேலே கொண்டுவந்து, பலகையைச் சரியாகப் போட்டு, ஓரத்தில் விட்டேன். எப்போதும் மூன்று நான்கு விநாடியில் உள்ளே போய்விடுவாள். அன்று போகவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மழை தூற ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் கழித்தும் அதே இடத்தில்தான் கிடந்தாள். வெயில் படாமல், பறவை கொத்தாமல் ஒரு மரப்பட்டையை மேலே சாய்த்து வைத்துவிட்டு எழுந்தேன். மிச்சப் பதின்மூன்று பலகைகளை அன்று நான் தூக்கவில்லை. அழுதுகொண்டே மேடேறிக் காருக்குப் போனேன். ஒரு கண் காரத்தால் அழுதது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழுக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, கொரல் ஒரு மாதிரி இருக்குது? ஆபீஸ்ல லேஆஃப் ஏதாச்சுமா?"

"லேஆஃப் எல்லாம் இல்ல. அந்த சாலமாண்டர் ஒண்ணு சொல்வேனில்ல, வால் நெறம் மாறினது. அது என் கையால செத்துப்போச்சுன்னு நெனைக்கறேன்." நடந்ததைச் சொன்னேன். அவள் போட்ட ஊறுகாய் என்பதையும் சொன்னேன்.

"வேணும்னு பண்ணுனீங்களா? தெரியாமப் பண்ணுனதுதானுங்களே."

"ஃபார்ம்ல எழுதி அனுப்பணும்."

"ஏனுங்க எழுதோணும்? அங்க யாரு பாத்தா? எழுதுனா இனிமே வரவேண்டாம்னு சொல்லிருவாங்க. அப்புறம் சனிக்கிழமையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

சனிக்கிழமைகளைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றாக இருக்கிறேன், பொழுது போதவில்லை என்றுதான் ஒவ்வொரு போனிலும் சொல்லிவந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து மகள், "இஸ் அப்பா ஓகே?" என்று கேட்பது கேட்டது. "ஓகேதான், நீ படி" என்றாள் இவள்.

அவள் சொன்னது நியாயம்தான். 'ஒன்று, பெண், முட்டையோடு' என்று மட்டும் எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த மலையையும் விட்டுவிட்டால் எனக்கு இந்த ஊரில் போக ஓரிடம் கிடையாது. ஒரு மணி நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சாலமாண்டரின் வால் என் கையில் துடித்ததை நான் பார்த்தாயிற்று. குறிப்பு எழுதுகிற கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். கையால் சாப்பிட்டேன், மிளகாய் எண்ணெய், சோப்பில்லாமல் கழுவினேன், வால் உதிர்ந்தது, விட்டபோது அசையவில்லை. போட்டோ எடுத்து உயிரியலாளருக்கு அனுப்பினேன்.

மூன்று நாள் பதிலில்லை. பிறகு நான்கு வரியில் வந்தது. எழுதியதற்கு நன்றி. இந்தப் பருவம் முடியும்வரை தொடவேண்டாம், பலகையைத் தூக்கிப் பார்த்து எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். உங்களை அனுப்பிவிட விருப்பமில்லை. பெருந்தன்மையான கடிதம். அதில் முட்டையோடு இருந்த அவளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அவருக்கு அந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் தப்பு சொல்ல முடியாது.

நான் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு எழுதினேன். முதல் தடவை பதினேழின் ஓரத்தில் நான் வைத்த மரப்பட்டை புரண்டு கிடந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை, பலகையின் கீழேயும் இல்லை. உயிரோடு நகர்ந்து போனாளா, ஏதாவது தூக்கிக்கொண்டு போனதா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? அடுத்த தடவையும் பூஜ்யம். ஏப்ரல் கடைசியிலும் பூஜ்யம். கோடை வந்தால் அவை மண்ணுக்குள் போய்விடும், கணக்கும் முடிந்துவிடும். ஜூலையில் ஹூஸ்டன் போனபோது மனைவி தட்டில் ஊறுகாய் வைக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் புதிய பருவத்துக்கான வகுப்புக்கு அழைப்பு வந்தது. பூங்காவின் சிறிய கூடத்தில் இருபது பேர் இருந்தோம். பாதிப் பேர் புதிது. இந்திய முகம் என்னுடையது ஒன்றுதான். உயிரியலாளர் எல்லோருக்கும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார், ஆளுக்கொரு வரியாகப் படிக்கச் சொன்னார். சன்ஸ்கிரீன், கொசு மருந்து, கிருமிநாசினி என்று போனது. முன்வரிசையில் இருந்த ஒரு இளம்பெண்ணின் முறை வந்தது. "களத்தில் கையால் உணவு உண்ணவேண்டாம். குறிப்பாகக் காரமான ஊறுகாய், மிளகாய் எண்ணெய்" என்று படித்தவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "காட்டில் உட்கார்ந்து கையால் ஊறுகாய் சாப்பிடுகிறவர் யார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கூடம் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கையான வரிக்கு வருகிற சாதாரணச் சிரிப்பு. உயிரியலாளர் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. "அடுத்த வரி" என்றார்.

நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுவது இருபத்துமூன்று வருஷப் பழக்கம். அடுத்தவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அப்படியே விட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டு வந்தது, யார்மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"அது நான்தான்" என்றேன்.

படித்தவர் நிறுத்தினார். முப்பது பலகை, தயிர்சாதம், ஓடைத் தண்ணீர், முட்டை, வால் எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது, வழக்கமாகத் தடுமாறாத இடத்திலெல்லாம் தடுமாறியது. யாரும் கேட்காமலே, எங்கள் ஊரில் கையால்தான் சாப்பிடுவோம் என்றும் சொன்னேன். முடித்தபோது சிரித்த பெண் முழுவதுமாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள், நான் பரவாயில்லை என்று சொல்லவேண்டும் என்று தயாரானேன்.

"அது பிழைத்ததா?" என்று கேட்டாள்.

எட்டு மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரியாது என்றேன். பதினேழாம் பலகையில் அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை என்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.